கோணல் செவுத்துக்கு ஜிப்சம் பிளாஸ்டர்: பழைய வீட்டு ஹால்ல போட்ட அனுபவம், முழு ரிவ்யூ

பழைய வீட்டை ரினோவேஷன் பண்றவங்க, உள் செவுரு நேரா இல்ல, என்ன போட்டு நேராக்கலாம்னு தேடிட்டு இருக்கறவங்களுக்காக இதை எழுதறேன். கோயம்புத்தூர் கணபதியில அப்பா கட்டுன வீடு, தொண்ணூறுகள் ஆரம்பத்துல எழுப்புனது, செங்கல் செவுரு மேல சிமெண்ட் பூச்சு. ஹால்ல டிவி யூனிட் வர்ற செவுரு 14 அடி நீளம் 10 அடி உயரம். அதுல ஜிப்சம் பிளாஸ்டர் அடிச்சோம், 25 கிலோ மூட்டையில வர்ற ரெடிமிக்ஸ் சரக்கு. முடிவை மொதல்லயே சொல்லிடறேன்: செவுரு காஞ்ச செவுரா இருந்து, நேர் பார்த்து புள்ளி (மட்டத்துக்கு அடையாளமா செவுத்துல வைக்கற சின்ன சரக்கு வட்டம்) வெச்சு அடிக்கற ஆளு கிடைச்சா, உள் செவுத்தை மட்டம் பண்ண இதை விட நல்ல சரக்கு நான் பார்க்கல. ஓதம் இருக்கற செவுருன்னா இந்தப் பக்கமே வராதீங்க, அதை கீழ விவரமா சொல்றேன்.

நிறைய பேரு நேரா பெயிண்டர்கிட்ட போயிடறாங்க. பெயிண்டர் என்ன சொல்வாரு, "பட்டியிலயே லெவல் பண்ணிக் குடுத்தர்றேங்க, ரெண்டு கோட் எக்ஸ்ட்ரா போட்டா ஆச்சு"ம்பாரு. பட்டி, அதாவது வால் புட்டி, அதுக்கான சரக்கே இல்லைங்க. ஒயிட் சிமெண்ட் பட்டி ரெண்டு கோட்டும் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல போகக்கூடாது, அது பூச்சு மேல இருக்கற சொரசொரப்பை மூடி வழவழப்பு குடுக்கத்தான். அஞ்சு மில்லி பத்து மில்லி பள்ளத்தை பட்டி வெச்சு நெரப்புனா மேல காஞ்சு உள்ள காயாம வெடிக்கும், கொஞ்ச நாள் கழிச்சு தகடு தகடா உரியும். சொந்தக்காரங்க வீடு ஒண்ணுல அப்படி உரிஞ்சதை கையால பிச்சு பார்த்திருக்கேன், ஒரு இடத்துல விரல் தடிமனுக்கு பட்டி.

சரி, கோணல்னு சொன்னா எவ்வளவு கோணல்? யாரையும் ரேட் கேக்கறதுக்கு முன்னாடி இதை நீங்களே அளந்து வெச்சுக்கோங்க, பேரம் பேசற நேரத்துல இதோட அருமை தெரியும். மூணு விஷயம் தனித்தனியா பார்க்கணும். ஒண்ணு செவுரு மேடு பள்ளம் இல்லாம இருக்கா. ஆறு அடி அலுமினிய மட்டக்கம்பை நெட்டுக்கா, படுக்கையா, குறுக்கான்னு மூணு விதமாவும் வெச்சு, கம்புக்கும் செவுத்துக்கும் நடுவுல எவ்வளவு சந்து விழுதுன்னு ஸ்கேல் விட்டு பாருங்க. ரெண்டாவது, செவுரு தூக்குல நிக்குதா இல்ல சாஞ்சிருக்கா. மேல ஒரு ஆணி அடிச்சு தூக்குக்குண்டு கட்டி விட்டு, நூலுக்கும் செவுத்துக்கும் உள்ள தூரத்தை மேல, நடுவுல, கீழன்னு அளந்தா போதும். எங்களுக்கு மேல 40 மில்லி, நடுவுல 27, கீழ 43, அதாவது செவுரு வயிறு தள்ளியிருந்தது. மூணாவது மூலை மட்டம்: மூலையிலிருந்து ஒரு செவுத்துல 3 அடி, பக்கத்து செவுத்துல 4 அடி மார்க் பண்ணி, ரெண்டு மார்க்குக்கும் நடுவுல 5 அடி வந்தா மூலை சரி. வரலைன்னா மூலையை ஒட்டி வர்ற அலமாரியும் டைல்ஸும் கடைசியில கோணக் கோணையா முடியும், அதுக்கப்புறம் ஆசாரி என்ன பண்ணாலும் கண்ணுல குத்திட்டேதான் இருக்கும்.

எங்க செவுத்துல பிரச்சனை எங்கன்னா தூண் நிக்கற இடம். ஆர்சிசி தூண் செங்கல் செவுத்தை விட வெளிய தள்ளி நிக்குது, அந்த காலத்துல பூச்சு வேலை பண்ணவங்க தூண் மேல கம்மியா, தூணை ஒட்டி ரெண்டு பக்கமும் தடிமனா, போகப்போக கம்மியா அடிச்சு கண்ணை ஏமாத்திருக்காங்க. டியூப்லைட் வெளிச்சத்துல முப்பது வருஷமா யாருக்கும் தெரியல. இப்ப சீலிங்ல செவுத்தை ஒட்டி எல்இடி ப்ரொஃபைல் லைட் போடலாம்னு ஒரு சாம்பிள் கட்டி எரியவிட்டதும் மொத்த செவுரும் அலை அலையா தெரிஞ்சுது. செவுத்தை ஒட்டி மேலிருந்து வர்ற வெளிச்சம் ரெண்டு மில்லி மேட்டுக்குக் கூட நிழல் விழ வைக்கும். இந்த மாதிரி லைட், இல்ல பேக் பேனல் வெச்ச டிவி யூனிட், இல்ல பெரிய சைஸ் டைல்ஸ், இதுல ஏதாவது வரப்போகுதுன்னாதான் செவுத்தை மட்டம் பண்ற செலவுக்கு அர்த்தம் இருக்கு. சும்மா பெயிண்ட் அடிச்சு காலண்டர் மாட்டற செவுத்துக்கு எதுக்குங்க, அப்படியே விட்டுடுங்க.

வழிகள் என்னென்னன்னு பார்த்தோம்னா, மொதல்ல பழைய பூச்சை மொத்தமா கொத்தி எடுத்துட்டு திரும்ப சிமெண்ட் பூச்சு. நல்ல வழிதான், தண்ணி பட்டாலும் நிக்கும், எல்லா ஊர்லயும் கொத்தனார் கிடைப்பாரு. ஆனா குறைஞ்சது ஏழு நாளு தண்ணி அடிச்சு க்யூரிங் பண்ணணும், அப்புறம் பெயிண்ட் அடிக்க ஒரு மாசமாவது காய விடணும், தரையில டைல்ஸ் போட்டு ஆளுங்க குடியிருக்கற வீட்டுல அதை வெச்சு ஓட்டறது கஷ்டம். காயும்போது சிமெண்ட் சுருங்கும், அதனாலதான் அந்த மயிரிழை வெடிப்பு வருது. ரெண்டாவது, கம்பி சேனல் அடிச்சு ஜிப்சம் போர்டு மாட்டி மறைக்கறது. வேகமான வேலை, ஆனா ரூம்ல ரெண்டு மூணு இஞ்ச் போயிடும், டிவி ஸ்டாண்டு மாட்ட பின்னாடி பிளைவுட் குடுக்கணும், சுவிட்ச் பாக்ஸ் எல்லாத்தையும் முன்னாடி இழுக்கணும். மூணாவது, பாலிமர் கலந்த லெவலிங் சரக்கு, ஒயிட் சிமெண்ட் கம்பெனிகளே விக்கறாங்க, பட்டியை விட தடிமனா போடலாம், சின்னச் சின்ன பள்ளத்துக்கு அருமையா இருக்கும், மொத்த செவுத்துக்கும் 15 மில்லி போடறதுன்னா காசு தாங்காது. நாலாவதுதான் ஜிப்சம்.

ஜிப்சம் ஏன் வெடிக்கறதில்லைன்னா அதோட தன்மை அப்படி. ஜிப்சம் கல்லை, நம்ம நாட்டுல பெரும்பாலும் ராஜஸ்தான்ல இருந்து வர்றது, சுமார் 150 டிகிரி சூட்டுல வறுத்தா அதுல இருக்கற தண்ணியில முக்கால்வாசி போயிடும், அந்த பவுடர்தான் மூட்டையில வருது. திரும்ப தண்ணி சேர்த்ததும் போன தண்ணியை இழுத்துக்கிட்டு பழையபடி கல்லாகுது. ஆகும்போது சிமெண்ட் மாதிரி சுருங்காம துளியூண்டு விரியத்தான் செய்யும். க்யூரிங் எதுவும் வேண்டாம். இறுகற நேரத்துல சூடும் வரும், அடிச்சு கொஞ்ச நேரம் கழிச்சு செவுத்துல கை வெச்சுப் பார்த்தேன், வெதுவெதுன்னு இருந்துது, எங்கம்மாவும் வந்து தொட்டுப் பார்த்துட்டு "என்ன தம்பி, உள்ள ஒயரு ஏதாவது சுடுதா"ன்னு பயந்துட்டாங்க. கொத்தனார் அண்ணன் "பயப்படாதீங்க்கா, இறுகுது, அவ்வளவுதான்"னு சொன்னப்புறம்தான் நகர்ந்தாங்க.

வேலை நடந்த விதத்தை விவரமா எழுதறேன், ஏன்னா சரக்கு எவ்வளவு நல்லதா இருந்தாலும் இந்த வேலை நிக்கறது தயாரிப்புலதான். மொதல்ல பழைய டிஸ்டெம்பரை மொத்தமா சுரண்டி எடுத்தாங்க. பெயிண்ட் மேலயே அடிக்கலாம்னு யாராவது சொன்னா விடாதீங்க, ஜிப்சம் பெயிண்டைத்தான் புடிச்சுக்கும், செவுத்தைப் புடிக்காது. அப்புறம் செவுரு பூரா சுத்தியல் காம்பால தட்டித் தட்டி கேட்டாங்க, டொக்கு டொக்குன்னு பொள்ளலா சத்தம் வந்த இடத்துல பழைய பூச்சு விட்டுப்போயிருக்குன்னு அர்த்தம், அதை கொத்தி எடுத்தே ஆகணும். ஜன்னலுக்குக் கீழ ஒரு முறம் அளவுக்கு அப்படி கழண்டு வந்துது.

அடுத்தது வயிறு. மட்டம் பண்றப்ப கணக்கு எப்படின்னா, இருக்கறதுலயே உசந்த மேடு எங்கயோ, அதுக்கு மேல குறைஞ்சது ஒரு ஆறு ஏழு மில்லி வெச்சு மொத்த செவுரும் அந்த அளவுக்கு வெளிய வரும். அப்ப மேட்டை அப்படியே விட்டா மத்த இடத்துல எல்லாம் தடிமன் ஏறும், சரக்கு ஏறும், காசு ஏறும், அதை விட முக்கியமா கதவு நிலை உள்ள போயிடும். எங்க வீட்டுல தேக்கு நிலை, அது பழைய பூச்சை விட அரை இஞ்ச்தான் வெளிய நிக்குது. இதை மொதல்லயே பார்த்து, தூண் மேல இருந்த பூச்சை கான்கிரீட் தெரியற வரைக்கும் கொத்தி எறக்கிட்டு அப்புறம்தான் அளவு எடுத்தோம். கொத்தற கூலி தனி, சத்தமும் தூசியும் கொஞ்ச நஞ்சம் இல்ல, ஆனா அது பண்ணலைன்னா நிலை ஓரமா ஒரு அசிங்கமான படி விழுந்திருக்கும்.

தூண் கான்கிரீட் வழவழன்னு இருக்கறதால அது மேல பாண்டிங் ஏஜென்ட்னு ஒரு திரவம், மணல் கலந்த மாதிரி சொரசொரன்னு இருக்கும், அதை ரோலர்ல அடிச்சு காய விட்டாங்க. தூணும் செங்கலும் சேர்ற கோட்டுல ஃபைபர் வலை வெச்சாங்க, ரெண்டும் வேற வேற மாதிரி விரிஞ்சு சுருங்கற பொருள், அங்கதான் எப்பவும் நெட்டுக்கா வெடிப்பு விழும். 25 மில்லிக்கு மேல பள்ளமா இருந்த ரெண்டு இடத்தை மட்டும் முன்னாடியே சிமெண்ட் கலவை வெச்சு நெரப்பி நல்லா காய விட்டுட்டோம். இதுல வரிசை முக்கியம்: சிமெண்ட் காஞ்சப்புறம் மேல ஜிப்சம் அடிக்கலாம், ஜிப்சம் மேல சிமெண்ட் பூச்சு அடிக்கவே கூடாது, ரெண்டும் சேர்ந்து ரியாக்‌ஷன் ஆகி தள்ளிக்கிட்டு வந்துடும்.

அப்புறம் புள்ளி வைக்கறது. நான் மனசார பாராட்டற வேலை இதுதான். லேசர் லெவலை தரையில வெச்சு செவுத்துக்கு இணையா ஒரு செங்குத்து கோடு விட்டாங்க, ஒவ்வொரு அஞ்சடிக்கும் ஒரு சின்ன வட்டமா சரக்கு வெச்சு, அதுல தட்டை ஓட்டுத்துண்டு பதிச்சு, லேசர் கோட்டுல இருந்து எல்லா புள்ளிக்கும் ஒரே தூரம் வர்ற வரைக்கும் அமுக்கி அமுக்கி சரி பண்ணாங்க. மேலயும் கீழயும் உள்ள புள்ளியை தூக்குக்குண்டு விட்டு திரும்ப செக் பண்ணாங்க, லேசர் இருக்கறப்ப எதுக்குண்ணான்னு கேட்டதுக்கு, "மெஷினு கீழ விழுந்திருந்தா பொய் சொல்லும் தம்பி, குண்டு பொய் சொல்லாது"ன்னாரு. உங்க வீட்டுல வேலை நடக்கறப்ப வேற எதுக்கும் லீவு போட வேண்டாம், இந்த புள்ளி வைக்கற நாளுக்கு மட்டும் கூடவே நில்லுங்க. புள்ளி வைக்காம கண் திட்டத்துல அடிக்கற ஆளுங்க ஏராளம், அவங்க அடிச்ச செவுரு வழவழன்னு இருக்கும், மட்டமா இருக்காது, பழைய அலை மேலயே புது அலை.

கலவைக்கு வருவோம். சுத்தமான பக்கெட்டுல தண்ணியை மொதல்ல ஊத்தி அதுல பவுடரைத் தூவணும், பவுடர்ல தண்ணி ஊத்துனா கட்டி கட்டும். ட்ரில் மிஷின்ல கலக்கற துடுப்பு மாட்டி, இட்லி மாவை விட ஒரு பிடி கெட்டியா வர்ற வரைக்கும் கலக்கணும். கலந்தப்புறம் 25, 30 நிமிஷம்தான் நேரம், அதுக்குள்ள அடிச்சு இழுத்து முடிக்கணும், இறுகுனதுல தண்ணி ஊத்தி திரும்ப கலக்குனா அது செத்த சரக்கு, பலம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் பக்கெட்டைக் கழுவறது வெறும் சுத்தத்துக்கு இல்லைங்க, இறுகுன துணுக்கு கொஞ்சம் உள்ள இருந்தாலும் புது கலவை சீக்கிரமா இறுகிடும், கையில கரண்டியோட நிக்கறப்பவே கல்லாயிடும். எங்க ஆளுங்க ஒருத்தரு கலக்கி குடுக்க, ரெண்டு பேரு அடிக்க, கீழ இருந்து மேல அடிச்சுக்கிட்டே போயி, புள்ளிக்குப் புள்ளி மட்டக்கம்பை வெச்சு இழுத்து, பள்ளம் தெரிஞ்ச இடத்துல சரக்கு வெச்சு திரும்ப இழுத்தாங்க. தடிமன் அதிகமா வந்த பக்கம் ஒரே தடவையா அடிக்காம மொத கோட்டை கீறி விட்டுட்டு ரெண்டாவது கோட் அடிச்சாங்க. கடைசியா லேசா தண்ணி தொட்டு இரும்பு கரண்டியில தேய்ச்சு விட்டதும் வந்த ஃபினிஷிங் இருக்கே, பட்டி போட்ட செவுரு தோத்துடும்.

தரையை ஒட்டி நாலு இஞ்ச் ஜிப்சம் அடிக்காம விட்டு, ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கு சிமெண்ட் கலவை வெச்சோம். வீடு கூட்டித் துடைக்கற தண்ணி கீழ ஏறி ஜிப்சத்தை நனைக்கக்கூடாதுன்னு. ஜிப்சம் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கரையற பொருள், ஒரு தடவை தெளிச்ச தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா நாள் பூரா ஈரம் இருந்தா இளகி மாவா உதிரும். பாத்ரூம் செவுரு, பாத்ரூமுக்குப் பின்பக்கம் வர்ற பெட்ரூம் செவுரு, சிங்க் மேல உள்ள செவுரு, வெளிச்செவுரு, இதுல எல்லாம் வேண்டவே வேண்டாம். சந்தேகமா இருந்தா ஒரு பிளாஸ்டிக் கவரை நாலு பக்கமும் டேப் போட்டு செவுத்துல ஒட்டி ரெண்டு நாள் விட்டுப் பாருங்க, செவுத்துப் பக்கமா உள்ள நீர் கோத்திருந்தா ஈரம் உள்ள இருந்து வருது, அதை சரி பண்ணாம எதை அடிச்சும் பிரயோஜனம் இல்ல.

கணக்கு. மூட்டையில போட்டிருக்கற கவரேஜ் 13 மில்லி தடிமனுக்கு சுமார் 20 சதுர அடி. எங்க செவுரு 140 சதுர அடி, சராசரி 15 மில்லி வந்துது, வேஸ்ட் சேர்த்து 9 மூட்டை போச்சு. கீழ விழற சரக்கை எடுத்து திரும்ப உபயோகிக்க முடியாதுங்கறதால சிமெண்ட்டை விட வேஸ்டேஜ் ஜாஸ்தின்னு வெச்சுக்கோங்க. சரக்கு, கூலி, பாண்டிங், வலை எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய், கொத்தி எடுத்த கூலி தனியா 2,500. சதுர அடி ரேட்டா பார்த்தா அதிகம்தான், ஏன்னா ஒரே ஒரு செவுத்துக்கு ஆளு வர்றதே பெருசு, மொத்த வீடும் பண்ணா ரேட் நல்லா குறையும். ரேட் பேசும்போது ஒரு விஷயத்தை கட்டாயம் எழுதி வாங்குங்க: அவங்க சொல்ற ரேட் எத்தனை மில்லி வரைக்கும், அதுக்கு மேல போனா ஒவ்வொரு மில்லிக்கும் எவ்வளவு. நாங்க மொதல்ல கேட்ட ஒரு கான்ட்ராக்டர் ரேட்டை குறைச்சு சொன்னாரு, தோண்டிக் கேட்டா அது பத்து மில்லிக்கு மட்டும், மிச்சத்துக்கு அவரு சொல்ற கணக்கு, கதவு ஜன்னல் ஓட்டையும் சேர்த்து அளப்பாராம். அவரை வேண்டாம்னு சொல்லிட்டோம். நாங்க புடிச்ச ஆளுங்ககிட்ட, ஆறு அடி மட்டக்கம்பு வெச்சா எங்கயும் மூணு மில்லிக்கு மேல சந்து வரக்கூடாதுன்னு எழுதிதான் அட்வான்ஸ் குடுத்தோம்.

வாங்கற இடத்துல ஒரு கசப்பு. சத்தி ரோட்டுல ஒரு ஹார்டுவேர் கடையில இறக்குன மூட்டையில ரெண்டு மூட்டை உள்ள கட்டி கட்டியா இருந்துது. ஜிப்சம் காத்துல உள்ள ஈரத்தையே இழுக்கும், மூட்டைக்கு ஆயுசு சில மாசம்தான், மழைக்காலத்துல தரையில போட்டு வெச்சிருந்தா அதுவும் இல்ல. கடைக்காரரு மொதல்ல "கட்டியை உடைச்சு சலிச்சுக்கலாங்க"ன்னாரு, அது சரிப்படாது, பில்லைக் காட்டி மாத்தி வாங்கியாச்சு. மூட்டை இறக்கறப்பவே தயாரிச்ச தேதியைப் பாருங்க, மூட்டையை அமுக்கிப் பாருங்க, மாவு மாதிரி நகரணும்.

இப்ப ரிசல்ட். செவுரு மொதல்ல சாம்பல் கலந்த ஈர நிறத்துல திட்டு திட்டா இருந்துது, காய காய ஒரே வெள்ளையா மாறுச்சு, மொத்தமும் வெளுத்தப்புறம்தான் பிரைமர் அடிக்க விட்டேன், தடிமன் ஜாஸ்தி இருந்த தூண் ஓரம் கடைசியா காஞ்சுது. ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறந்து வெச்சா போதும். மட்டக்கம்பு வெச்சு செவுரு பூரா நானே பார்த்தேன், பெரும்பாலான இடத்துல ஏடிஎம் கார்டு கூட நுழையல, ஜன்னல் பக்கம் ஒரு இடத்துல ரெண்டு மில்லி. அந்த எல்இடி ப்ரொஃபைலை எரியவிட்டா வெளிச்சம் மேலிருந்து கீழ வரைக்கும் வழுக்கிட்டு வருது, ஒரு நிழல் இல்ல. ஆசாரி டிவி யூனிட்டோட பின்பலகையை சாத்திட்டு "இப்படி ஒரு செவுரு குடுத்தா வேலை பாதி முடிஞ்ச மாதிரிங்க"ன்னு சொன்னாரு, மூலையில மறைக்கற பட்டைக்கட்டை கூட வேண்டியதா இல்ல.

குறைன்னா, தட்டுனா சிமெண்ட் பூச்சு மாதிரி கெட்டியா இருக்காது, நாற்காலி முதுகு மோதற இடத்துல தடம் விழும், வெளிய நீட்டற மூலைக்கு கால்வனைஸ்டு கார்னர் பீடு (மூலை உடையாம காக்கற, துத்தநாகம் பூசுன தகடு) வெச்சே ஆகணும், சாதா இரும்பு வெச்சா ஈர ஜிப்சத்துல துருப்பிடிச்சு பெயிண்ட் மேல காப்பிக் கலர்ல எறங்கும். ஆணி அடிக்காதீங்க, ட்ரில் போடுங்க. டிவி ஸ்டாண்டு, ஷெல்ஃப் மாதிரி கனமானதுக்கு ஃபிஷர் பிளக் ஜிப்சத்தைத் தாண்டி செங்கல்லுக்குள்ள முழுசா போகணும், அதனால எப்பவும் வாங்கறதை விட நீளமான பிளக் வாங்கணும். சுவிட்ச் பாக்ஸ் பத்தி எலக்ட்ரீஷியன்கிட்ட முன்னாடியே சொல்லி வெளிய இழுத்து வெச்சுடுங்க, எங்களுக்கு ஒரு பாக்ஸ் உள்ள அமுங்கி, நீள ஸ்க்ரூ தேடி வாங்க வேண்டியதாச்சு. நல்லா அடிக்கற ஆளு கிடைக்கறதும் சுலபமில்ல, சிமெண்ட் பூச்சு அடிக்கற எல்லாரும் இதை அடிச்சுட முடியாது, கை வேகம் வேற. ஆளை முடிவு பண்றதுக்கு முன்னாடி அவங்க முடிச்ச ஒரு வீட்டுக்குப் போயி, சாயந்தரமா ஒரு டார்ச்சை செவுத்தோட ஒட்டி அடிச்சுப் பாருங்க, வேலை எப்படின்னு அப்பவே தெரிஞ்சுடும்.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். அடுத்து மேல் மாடி பெட்ரூம் ரெண்டு செவுரு இதே ஆளுங்களை வெச்சு இதே சரக்குலதான். சமையல்கட்டுல சிங்க் பக்க செவுத்துக்கு மட்டும் சிமெண்ட்லயே சொல்லியிருக்கோம், க்யூரிங் முடியற வரைக்கும் சமையல் பின்கட்டுல.